சிங்கம், கழுதைப்புலி, சாண வண்டு: டர்பன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணக் காடுகளில் ஊனுண்ணிகளின் நடத்தையையும், அவற்றோடு சேர்த்துச் சாண வண்டுகளையும் கவனிக்கும் களப்பணி என்னுடையது. கோயில் அன்னதானப் பந்தியில், கல்யாண வீட்டில், தமிழ் வகுப்பு வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெற்றோரிடம் என்று எங்கே போனாலும் இந்தக் கேள்விகள் வந்துவிடுகின்றன. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

சிங்கத்தை ஆராய்கிறவர்களுக்குச் சாண வண்டோடு என்ன வேலை?

காட்டில் சிங்கத்தையோ சிறுத்தையையோ நேரில் பார்ப்பது அபூர்வம். தினமும் கண்ணில் படுவது அவை விட்டுப்போன எச்சம்தான். எத்தனை இருக்கின்றன, எந்தப் பக்கம் நடமாடுகின்றன, எதைத் தின்கின்றன என்பதற்கெல்லாம் அதுவே சாட்சி. நாம் போய்ச் சேர்வதற்குள் அந்தச் சாட்சியை வண்டு பிய்த்து மண்ணுக்குள் கொண்டுபோய்விடக்கூடும். கோடை மழை பெய்து மண் இளகியதும் வண்டுகள் கூட்டமாகக் கிளம்பும். அந்த நாட்களில் பாதையில் எச்சமே இல்லை என்பதற்காக, "இந்தப் பக்கம் சிறுத்தை இல்லை" என்று எழுதிவிடக் கூடாது. அந்தப் பருவத்தில், அந்த மண்ணில், ஓர் எச்சம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். எண்ணிக்கையைத் தொடுவது அதற்குப் பிறகுதான். வண்டைக் கணக்கில் சேர்க்காமல் எச்சத்தை மட்டும் எண்ணிப் போட்ட அறிக்கையை நான் நம்புவதில்லை.

இன்னொரு காரணம் இன்னும் ஆழமானது. சிங்கம் பதுங்கக்கூடிய அடர்ந்த புதர்ப் பக்கம் மேய இம்பாலா மான் தயங்கும். நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியும் வெட்டவெளியில்தான் கூட்டமாக நிற்கும். அது நிற்கிற இடத்தில்தானே புழுக்கையும் விழும்! வளர்ந்த யானைக்கும் வெள்ளைக் காண்டாமிருகத்துக்கும் அந்தப் பயம் கிடையாது. அவை புதருக்குள்ளும் போகும், அங்கேயும் சாணம் போடும். விழுந்த சாணத்தை வண்டு மண்ணுக்குள் இறக்குகிறது. உரமும் விதையும் அதோடு சேர்ந்து இறங்குகின்றன. ஆக, எந்த மண்ணுக்கு உரம் சேரும், எந்த மண்ணுக்குச் சேராது என்பதில் சிங்கத்துக்கும் பங்கு இருக்கிறது. இரைகொல்லியை மட்டும் தனியே பிரித்துப் படித்தால் காட்டின் பாதிக் கதை விட்டுப்போகும் என்பதே என் எண்ணம்.

எச்சத்தைக் கிளறி அப்படி என்னதான் தெரிந்துகொள்வீர்கள்?

நிறைய. எடுத்த இடத்தையும் தேதியையும் காகித உறையில் எழுதி, எச்சத்தை உள்ளே போட்டுக் கொண்டுவருகிறோம். பிறகு அடுப்பில் சூடேற்றி உலர்த்துகிறோம். ஊனுண்ணிகளின் எச்சத்தில் நாடாப்புழு முட்டைகள் இருக்கலாம், அவை மனிதனுக்கும் தொற்றும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் யாரும் தொடக் கூடாது. குழந்தைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

உலர்ந்ததைச் சல்லடையில் போட்டுத் தண்ணீரில் அலசினால் சதைத்தூள் எல்லாம் போய், முடி, குளம்புத் துண்டு, பல், எலும்புச் சில் மட்டும் நிற்கும். முடிதான் முக்கியம். ஒற்றை முடியை எடுத்து, கண்ணாடித் தகட்டில் மெல்லப் பூசிய நிறமில்லாத நகப்பூச்சின் மேல் வைத்து, காய்ந்ததும் உரித்தெடுத்தால், முடியின் மேல்தோல் செதில்களின் அச்சு அப்படியே பதிந்திருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு விலங்குக்கும் அந்தச் செதில் வரிசை வேறு வேறு. இம்பாலாவா, நயாலாவா, காட்டுப்பன்றியா, பக்கத்துக் கிராமத்து ஆடா என்று பிரித்துச் சொல்ல அது உதவுகிறது. சிறுத்தை ஆட்டைத் தின்றதா என்று கிராமத்தில் சண்டை மூளும்போது, கத்திப் பேசுகிறவர்கள் எல்லோரையும்விட அந்த ஒற்றை முடி தெளிவாகப் பேசும்.

கழுதைப்புலியின் எச்சம் காய்ந்தால் சுண்ணாம்பு வெள்ளையாகிவிடும். எலும்பை நொறுக்கித் தின்று செரிக்கிற வயிறு அதற்கு. வெளியே வருவதில் பெரும்பகுதி கால்சியம். ஒரே இடத்தில் பல கழுதைப்புலிகள் எச்சமிட்டு எல்லையைக் காட்டுவதும் உண்டு.

தாவர உண்ணிகளின் சாணத்திலும் செய்தி இருக்கிறது. வெள்ளைக் காண்டாமிருகங்கள் பொது இடத்தில் குவியலாகச் சாணம் போடும். அந்தச் சாணத்தின் வாசனையிலேயே ஆணா பெண்ணா, குட்டியா பெரியதா, எல்லை வைத்திருக்கும் ஆணா, இனச்சேர்க்கைக்குத் தயாரான பெண்ணா என்ற விவரம் அடங்கியிருப்பதாக, ஹ்லுஹ்லுவே–இம்ஃபலோசி பூங்காவில் நடந்து 2017ல் வெளியான ஆய்வு காட்டியது.

சிங்கத்தின் எச்சத்தையும் வண்டு உருட்டுமா?

பெரும்பாலான சாண வண்டுகளுக்குப் புல் தின்கிற விலங்குகளின் சாணமும், எல்லாம் தின்கிற பன்றி, பபூன், மனிதன் ஆகியோரின் மலமும்தான் விருப்பம். ஊனுண்ணி எச்சத்துக்கு வருகிற கூட்டம் சிறியது. ஆனாலும் அதைத் தேடி வருகிற இனங்கள் உண்டு, செத்த விலங்குக்கு வருகிறவையும் உண்டு. வயிறு நிறைய இறைச்சியும் ரத்தமும் தின்ற சிங்கத்தின் கறுத்த, இளகிய எச்சம் சீக்கிரம் மறையும். கழுதைப்புலியின் காய்ந்த வெள்ளை எச்சம் நாட்கணக்கில் கிடக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எண்ணினால் கழுதைப்புலிகள் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும்.

எல்லா சாண வண்டும் உருட்டுமா?

இல்லை. உருட்டுகிறவை சிறுபான்மை. பல இனங்கள் சாணத்துக்கு நேர் கீழேயே குழி தோண்டி இறக்கிவிடும். சில சாணத்துக்குள்ளேயே குடியிருக்கும். மற்ற வண்டு சேர்த்து வைத்ததில் முட்டையிட்டுவிட்டுப் போகிற திருட்டு இனங்களும் இருக்கின்றன. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் மட்டும் ஏறக்குறைய 800 இனங்கள் உண்டு.

போட்டி எவ்வளவு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒன்றரைக் கிலோ யானைச் சாணத்துக்கு 16,000 வண்டுகள் வந்து, இரண்டே மணி நேரத்தில் காலி செய்ததை 1974ல் வெளியான ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

நட்சத்திரம் பார்த்து நடக்குமாமே, உண்மையா?

உண்மை. நிரூபித்த இடமும் நம் நாடுதான். சாணக் குவியலில் உருண்டை பிடித்த வண்டு அங்கேயே நின்றால் அடுத்த வண்டு வந்து பிடுங்கிக்கொள்ளும். அதனால் எந்தத் திசையானாலும் சரி, நேர்கோட்டில் விலகிப் போக வேண்டும். வளைந்தால் திரும்பவும் அதே குவியலில், அதே திருடர்களிடம் போய் நிற்கும். தலை கீழே, பின்னங்கால் உருண்டையில், பின்பக்கமாக நடக்கிற பூச்சிக்குப் போகிற வழி தெரியாது. வானம் மட்டும் தெரியும்.

பகலில் சூரியனும், சூரியனைச் சுற்றி வானத்தில் பரவியிருக்கும் முனைவாக்கப்பட்ட ஒளியும் (ஒரே திசையில் அதிரும் ஒளி) அதற்கு வழிகாட்டி. இரவில் நிலவொளியில் உள்ள அதே அமைப்பைச் சில இனங்கள் பயன்படுத்துவதாக 2003ல் தெரியவந்தது. நிலவே இல்லாத இரவில் என்ன செய்யும்? ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தின் மேரி டாக்கே, ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் பைர்ன் உள்ளிட்ட குழு, வண்டுகளின் தலையில் சின்ன அட்டைத் தொப்பி மாட்டியது. தொப்பி வானத்தை மறைத்ததும் வண்டுகள் சுற்றிச் சுற்றி அலைந்தன. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொப்பி போட்ட வண்டுகளோ நேராகவே போயின. தொப்பியின் பாரம் காரணமில்லை என்பது அதில் உறுதியானது. பிறகு வண்டுகளை ஜோகன்னஸ்பர்க் கோளரங்கத்துக்குள் கொண்டுபோய், மேலே வானத்தை மாற்றி மாற்றிக் காட்டினார்கள். பால்வீதியின் ஒளிப்பட்டை மட்டும் தெரிந்தபோதும் வண்டுகள் திசை தவறவில்லை. 2013ல் வெளியான இந்த ஆய்வுக்கு அதே ஆண்டு இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்து, பிறகு சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிக்குத் தரும் பரிசு அது. எனக்கு இதில் சிரிப்பதற்கு எதுவுமே தெரியவில்லை. இவ்வளவு சின்ன மூளை இவ்வளவு பெரிய வானத்தைப் படிக்கிறது என்பது வியப்பு மட்டும்தான்.

உருண்டை மேல் ஏறி நின்று வண்டு சுற்றுவதை நீங்களே பார்க்கலாம். அப்படிச் சுற்றும்போதுதான் அது வானத்தைப் பார்த்துத் திசையைக் குறித்துக்கொள்கிறது. நடுப்பகலில் வேறொரு காரணமும் உண்டு. மணல் கொதிக்கும், ஈரச் சாண உருண்டையோ குளிர்ந்திருக்கும். வண்டு அதன் மேல் ஏறிக் காலை ஆற்றிக்கொள்ளும். வண்டின் முன்னங்கால்களுக்கு சிலிகான் பூட்ஸ் மாட்டிச் சோதித்தபோது, பூட்ஸ் போட்டவை ஏறுவது குறைந்தது. 2012ல் இதைக் கண்டுபிடித்ததும் ஏறக்குறைய அதே குழுதான்.

ஹ்லுஹ்லுவேயில் எப்போதும் சிங்கம் இருந்ததா?

இல்லை, நடுவே அடியோடு அற்றுப்போயிருந்தது. 1895ல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட, ஆப்பிரிக்காவின் மிகப் பழைய காப்பகங்களில் ஒன்று இது. நம் முன்னோர் 1860ல் ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கி, கரும்புத் தோட்டங்களில் உழைத்துக்கொண்டிருந்த காலத்தில், உள்நாட்டில் வேட்டைத் துப்பாக்கிகள் ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே சிங்கமே மிஞ்சவில்லை. 1958ல் எங்கிருந்தோ ஓர் ஆண் சிங்கம் தானாக நடந்து வந்து சேர்ந்தது. 1960களில் பெண் சிங்கங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பெருகின.

ஆனால் தொடங்கியது ஒரு கைப்பிடிச் சிங்கங்களிலிருந்து. உறவுக்குள்ளேயே இனம் பெருகியதன் விளைவு பிற்பாடு தெரிந்தது: எடை குறைந்தது, நோய் எதிர்ப்பு குன்றியது. எனவே 1999 முதல் 2001 வரை வெளியிலிருந்து புதிய சிங்கங்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வேலி போட்ட பூங்காக்களில் இது ஓயாத வேலை. முன்பு சிங்கம் தானே நடந்துபோய் வேறு கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். இப்போது அந்த வேலையை லாரி செய்கிறது.

காட்டுநாய்க்கும் நம் வீட்டு நாய்க்கும் சம்பந்தம் உண்டா?

இனப்பெருக்கத்தில் இல்லை. ஆப்பிரிக்கக் காட்டுநாய் தனிப் பேரினம், முன்னங்காலில் நான்கே விரல்கள். ஆனால் நோயில் சம்பந்தம் உண்டு, அதுதான் கவலை. தென்னாப்பிரிக்கா முழுக்கச் சில நூறு காட்டுநாய்களே மிஞ்சியிருக்கின்றன. ஹ்லுஹ்லுவே–இம்ஃபலோசியில் 1980களின் தொடக்கத்தில் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். ஒன்றையொன்று நக்கிக்கொண்டு, உண்டதைக் கக்கி ஊட்டிக்கொண்டு, நெருக்கமாக வாழ்கிற கூட்டம் அது. ஒரு நாய்க்கு வெறிநோயோ டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயோ வந்தால் கூட்டமே போய்விடும்.

வெறிநோய் நம் மாகாணத்தில் இன்னும் ஒழியவில்லை. உங்கள் நாய்க்குத் தவறாமல் தடுப்பூசி போடுங்கள். அரசு கால்நடை மருத்துவர்கள் நடத்தும் முகாம்களில் இலவசமாகவே போடுகிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையையும் காட்டிலுள்ள கூட்டத்தையும் அது ஒன்றாகக் காக்கும்.

கழுதைப்புலி மற்றவை கொன்றதைத் தின்கிற பிழைப்புதானே?

புள்ளிக் கழுதைப்புலி நல்ல வேட்டைக்காரி. பெண்களே கூட்டத்துக்குத் தலைமை. கழுதைப்புலி கொன்றதைச் சிங்கம் பிடுங்கித் தின்பதும் சகஜம் என்று 1960களிலேயே கிழக்கு ஆப்பிரிக்காவில் விலங்கியலாளர் ஹான்ஸ் க்ரூக் ஆராய்ந்து காட்டிவிட்டார். இத்தனை ஆண்டு கழித்தும் கெட்ட பெயர் மட்டும் மாறவில்லை. எனக்கு வருத்தம்தான்.

காட்டு விலங்குகள் எதற்கு அதிகம் பயப்படும், சிங்கத்துக்கா?

நமக்கு. க்ரூகர் தேசியப் பூங்காப் பகுதியின் நீர்நிலைகளில் கேமராவையும் ஒலிபெருக்கியையும் சேர்த்து மரத்தில் கட்டி நடத்திய ஆய்வு 2023ல் வெளியானது. விலங்கு கிட்டே வந்ததும் கேமரா ஓடும், ஏதாவது ஓர் ஒலி கேட்கும்: சிங்கத்தின் உறுமல், வேட்டைநாய்க் குரைப்பு, துப்பாக்கிச் சத்தம், அல்லது ட்சோங்கா, வட சோத்தோ, ஆங்கிலம், ஆஃப்ரிக்கான்ஸ் மொழிகளில் சாதாரணமாகப் பேசுகிற மனிதக் குரல். கத்தவில்லை, மிரட்டவில்லை, வெறும் பேச்சு. ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, குடு மான், சிறுத்தை, கழுதைப்புலி, காண்டாமிருகம் உட்பட கவனித்த இனங்களில் 95 விழுக்காடு, சிங்கத்தைவிட மனிதக் குரலுக்கே அதிகம் ஓடின, அல்லது வேகமாக நீர்நிலையை விட்டு விலகின. சிங்கக் குரல் கேட்ட ஒரு யானை ஓடுவதற்குப் பதிலாகக் கருவியையே அடித்து நொறுக்கியது.

அதனால்தான் பூங்காவில் வண்டிக்குள் மெதுவாகப் பேசச் சொல்கிறோம். பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறவர்கள், "ஒன்றுமே தெரியவில்லை" என்று திரும்பி வருவதில் வியப்பில்லை.

சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோழியைத் தூக்குவது யார்? சிறுத்தையா?

சிறுத்தை இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. சில்வர்க்ளென் காப்பகம் பக்கத்திலேயே இருக்கிறது. டர்பன் நகரின் 'டிமாஸ்' பசுமைத் தொடர் ஓடைகளோடு வீட்டுக் கொல்லைவரை வருகிறது. இரவில் கோழி போனால் பெரும்பாலும் ஜெனெட்: புள்ளி போட்ட உடலும் வளையம் போட்ட நீண்ட வாலும் உள்ள மெலிந்த விலங்கு, மரமேறும். பகலில் என்றால் கீரி. தலை நுழைகிற ஓட்டையில் உடம்பும் நுழைந்துவிடும். கூண்டுக்குக் கண் சிறிய கம்பி வலை அடியுங்கள், மேலேயும் மூடுங்கள், வலையின் அடிப்பகுதியை மண்ணுக்குள் இறக்கிப் புதையுங்கள். பொழுது சாயும் முன் கோழிகளை அடைத்துவிடுங்கள்.

நகருக்குள்ளேயே கூடு கட்டும் கிரீடக் கழுகுகளைப் பலர் பழிக்கிறார்கள். அவை டர்பனில் பெரும்பாலும் பிடிப்பது பாறை முயல் எனப்படும் டாசிகளையும் ஹதீதா அரிவாள்மூக்கன் குஞ்சுகளையும்தான்.

எலி மருந்து வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மருந்து தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடிக்கொண்டு வெளியே வரும். ஜெனெட்டும் ஆந்தையும் அதைத்தான் பிடிக்கும். கேப் டவுனில் சோதித்த காரகல் பூனைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றின் உடலில் எலி மருந்து இருந்தது.

மாட்டுக்குப் பூச்சி மருந்து கொடுக்கிறோம். வண்டுக்குக் கெடுதலா?

ஐவர்மெக்டின் வகை மருந்துகள் சாணத்தோடு வெளியே வந்து, பல நாள் வீரியத்தோடு இருக்கும். அந்தச் சாணத்தில் வளரும் வண்டுப் புழுக்கள் சாகும் அல்லது சரியாக வளராது. மருந்தே கூடாது என்று சொல்லவில்லை. மந்தை முழுக்க வழக்கமாகக் கொடுப்பதை விட்டு, சாணத்தைச் சோதித்துத் தேவைப்படும் மாட்டுக்கு மட்டும் கொடுங்கள். வண்டுகள் பெருகும் மழை மாதங்களைத் தவிர்க்க முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

வண்டு போனால் என்ன நடக்கும் என்பதை ஆஸ்திரேலியா பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே உள்ள வண்டுகளுக்குக் கங்காருவின் புழுக்கை பழக்கம். வெளியிலிருந்து வந்த மாட்டின் சாணத்தை அவை பெரிதாகத் தொடவில்லை. சாணம் காய்ந்து புல்வெளியை மூடியது, ஈ பெருகியது. பூச்சியியலாளர் ஜார்ஜ் போர்னமிசா தொடங்கிய திட்டத்தில், பிரிட்டோரியாவில் ஒரு நிலையமே வைத்து, இங்கிருந்து வண்டு முட்டைகளைக் கிருமி நீக்கி அனுப்பினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் போனவற்றில் 23 இனங்கள் அங்கே நிலைத்துவிட்டன.

இந்தியாவின் கூனோ பூங்காவுக்குப் போன சிவிங்கிப்புலிகள் (சீட்டா) ஏன் செத்தன?

2022ல் நமீபியாவிலிருந்து 8, 2023 பிப்ரவரியில் இங்கிருந்து 12 போயின. எல்லாச் சாவுக்கும் ஒரே காரணம் இல்லை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டியது: ஜூன் முதல் இங்கே குளிர்காலம், அங்கே மழைக்காலம். இங்கத்துப் பருவத்துக்கு ஏற்ப அடர்ந்த முடி வளர்த்த விலங்குகளுக்கு அங்கே விடாத ஈரம். ரேடியோ காலருக்கு அடியில் புண்ணாகி, புழு வைத்து, ரத்தத்தில் நஞ்சேறிச் சில இறந்தன. இடம் மாற்றும்போது நிலத்தோடு நாட்காட்டியும் மாறுகிறது.

என் மகளுக்கு இதில் ஆர்வம். எங்கிருந்து தொடங்கலாம்?

பள்ளியில் உயிரியலும் கணிதமும் விடக் கூடாது. புள்ளியியல் தெரியாமல் இந்த வேலை ஓடாது. குவாசுலு-நட்டால், விட்ஸ், பிரிட்டோரியா பல்கலைக்கழகங்களில் விலங்கியல் படிக்கலாம். காப்பகத்துக்குள் எதையும் பிடிக்க, எடுக்க மாகாண வனவிலங்கு அமைப்பான எஸெம்வெலோவின் அனுமதி வேண்டும். அதனால் தெரிந்தவர் மாட்டுப் பண்ணையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஒரு சின்ன வாளியை, வாய் தரையோடு சமமாக இருக்கும்படி மண்ணில் புதைத்து, மேலே குச்சி வைத்து, துணியில் முடிந்த சாணத்தைத் தொங்கவிட்டால் போதும். சாயங்காலம் வைத்துக் காலையில் பார்க்கட்டும். விழுந்த வண்டுகளைப் படமெடுத்து, அளந்து, எண்ணிக் குறித்துவிட்டு உயிரோடு விட்டுவிடட்டும். படங்களை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் இனம் கண்டுபிடிக்க உதவுகிறவர்கள் இருக்கிறார்கள். மழைக்கு முன்னும் பின்னும், மருந்து கொடுத்த மாட்டிலும் கொடுக்காத மாட்டிலும் என்று ஒப்பிட்டுக் குறித்து வந்தால், ஒரு கோடைக்குள்ளேயே அவள் கையில் உருப்படியான தரவு சேர்ந்துவிடும். அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன்.